கேஸ் இல்லாத வயர் வெல்டிங்: முதலில் பிளஸ்-மைனஸ் முனையை மாற்றுங்கள்

பினாங்கு பிறையில் எங்கள் வீட்டு கேட்டின் கீல் விட்டுப்போனதும், சின்ன வேலைக்கு எதற்கு ஆள் என்று வயரைத் தானே தள்ளிக்கொடுத்துப் பற்றவைக்கும் ஒரு வயர் ஃபீட் வெல்டிங் மெஷின் வாங்கினேன். முதல் நாள் பற்றவைத்தது பட்டாசு மாதிரி தெறித்ததே ஒழிய ஒட்டவில்லை. காரணம் பிளஸ்-மைனஸ் முனை மாறியிருந்ததுதான். பற்றவைக்கும் இடத்தைக் காற்றிலிருந்து காக்கும் கேஸ் இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் கோர் வயருக்கு (உள்ளே ஃபிளக்ஸ் பொடி அடைத்த வயர்) டார்ச், அதாவது வயர் வெளிவரும் கைப்பிடி, மைனஸில், இரும்பைக் கடிக்கும் எர்த் கிளாம்ப் பிளஸில் இருக்கவேண்டும். கேஸோடு சாலிட் வயர் (பொடி இல்லாத முழுக் கம்பி) போட்டால் அப்படியே தலைகீழ். என் மெஷின் கேஸ் முறையிலேயே மாட்டி வந்திருந்தது, நான் கவனிக்கவில்லை.

வயரைத் தள்ளும் ரோலரை ரொம்ப இறுக்காதீர்கள், ஃபிளக்ஸ் கோர் வயர் உள்ளே குழாய் மாதிரிதான், நசுங்கிவிடும். கிளாம்பைப் பெயிண்டின் மேல் கடிக்கவிட்டால் கரண்ட் ஒழுங்காகப் பாயாது, காசு அளவுக்காவது சுரண்டிப் பளபளக்க வைத்துவிட்டுப் போடுங்கள்.

கேட் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால் இன்னும் கவனம். துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலுமாகப் படுக்கவேண்டியதுதான். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெளியில் வைத்து, முகத்தைப் புகைக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கையுறை வியர்வையில் ஊறிவிடும், ஈரக் கையுறையோடு டார்ச்சைத் தொடாதீர்கள், இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். மழை தூறினால் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பருத்தி முழுக்கைச் சட்டை போதும், பாலியெஸ்டர் ஜெர்சி வேண்டவே வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டும். அப்புறம், வேலை முடிந்ததும் வயர் சுருளைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடித்துவிடும்.