தன்மதிப்பின் ஏற்ற இறக்கத்தை அளப்பது எப்படி?

முதன்முதலில் இதை அளக்கப் போனபோது சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட பத்து வாக்கிய வினாப்பட்டியலைத்தான் எடுத்தேன். அதே ஆட்களிடம் ஒரு வாரம் தினமும் கொடுத்தேன். எண்கள் அசையவே இல்லை. தப்பு என்னுடையது. ஒருவர் தன்னைப் பொதுவாக எப்படி மதிக்கிறார் என்று கேட்கும் பட்டியல் அது. இடத்துக்கு இடம் மாறுவதைப் பிடிக்க, "இந்த நிமிஷம் எப்படி இருக்கிறது?" என்றுதான் கேட்க வேண்டும்.

அதற்கென்றே உளவியலாளர்கள் ஹெதர்டனும் போலிவியும் 1991-இல் 20 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தந்தார்கள். செயல்திறன், பிறர் பார்வை, தோற்றம் மூன்றையும் அது பிரித்துக் காட்டும். சோதனைக்கு முன்னும் பின்னும் கொடுக்க ஏற்றது. நாள் முழுக்கத் தொடர்வதென்றால் 20 கேள்வியை யாரும் தாங்க மாட்டார்கள். "இப்போது என்னை எனக்குப் பிடிக்கிறது" போல மூன்று நான்கு வாக்கியங்கள், 1 முதல் 7 வரை மதிப்பெண், அது போதும். ஒன்றையாவது எதிர்மறையாக வையுங்கள். கூட்டும்போது அதைத் திருப்பிப் போட (1-ஐ 7 ஆக, 2-ஐ 6 ஆக) மறக்காதீர்கள்.

போனில் நாளுக்கு ஐந்து முறை, முன்கூட்டித் தெரியாத நேரங்களில் மணி அடிக்கட்டும். முதலில் அந்த வாக்கியங்கள், அப்புறம் சூழல்: யாரோடு இருக்கிறார், தெரிந்தவர்களா, யாராவது தன்னை எடைபோடுவதாகத் தோன்றுகிறதா. வரிசையை மாற்றினால் சூழலின் நினைப்பு மதிப்பெண்ணில் ஏறிவிடும்.

கணக்கில் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். ஒருவர் 5, 5, 4, 5, 5, 6 என்கிறார். இன்னொருவர் 7, 3, 6, 2, 7, 5. இருவருக்கும் சராசரி 5. திட்டவிலக்கமோ (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பது) முதலாமவருக்கு 0.6, அடுத்தவருக்கு 2.1. தன்மதிப்பு எவ்வளவு ஆடுகிறது என்பதற்கு உளவியலாளர் மைக்கேல் கெர்னிஸ் இந்தத் திட்டவிலக்கத்தையே அளவாகக் கொண்டார். சூழலின் பாதிப்பைப் பார்க்க, ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் அந்த ஆளின் சொந்தச் சராசரியைக் கழித்துவிடுங்கள். ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும்.

விடுபட்ட பதில்களையும் பாருங்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னும் திட்டு வாங்கிய ஒருவர் அன்று மாலை முழுக்கப் பதிலே அனுப்பவில்லை. கேட்டபோது, "போனை எடுக்கவே தோணலை" என்றார். நான் அளக்க நினைத்த நேரமே அதுதான். அதனால் இப்போதெல்லாம் மறுநாள் காலை ஒரு கேள்வி சேர்க்கிறேன்: நேற்று பதில் சொல்லாதபோது எங்கே இருந்தீர்கள்?