சிக்னல் பெப்டைடு ஒட்டியும் புரதம் போய்ச் சேரவில்லையா?

சிங்கப்பூரில் புவன விஸ்தா பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஈ. கோலை பாக்டீரியாவோடு மல்லுக்கட்டுகிறவன் நான். முதல்முறை பெல்பி என்ற சிக்னல் பெப்டைடை (புரதம் எங்கே போகவேண்டும் என்று சொல்ல அதன் முன்னால் ஒட்டும் விலாசச்சீட்டு) வைத்துப் புரதம் செய்தபோது, அது போய்ச் சேரவேண்டிய பெரிபிளாசத்தில், அதாவது பாக்டீரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவில், ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் பெப்டைடைத் திட்டித் தீர்த்தபிறகு பார்த்தால், பெப்டைடே அங்கே இல்லை! ஜீனைச் சுமக்கும் பெட்-22பி பிளாஸ்மிட்டில் (டிஎன்ஏ வளையம்) என்டிஈ-1 என்ற வெட்டும் நொதியின் வெட்டுமிடம் பெல்பிக்கு முன்னால் இருக்கிறது, அங்கே வெட்டி ஜீனைச் சொருகினால் பெல்பியின் 22 அமினோ அமிலமும் வெட்டிய துண்டோடு போய்விடும். என்சிஓ-1 என்ற இன்னொரு நொதியின் வெட்டுமிடம்தான் பெல்பியின் வால்பக்கம் இருப்பது. பழக்கதோஷத்தில் என்டிஈ-1இல் வெட்டிவிட்டேன்.

ஹிஸ் டேக்கை (புரதத்தைப் பிரித்தெடுக்க ஒட்டும், நிக்கலைப் பிடித்துக்கொள்ளும் வால்) பெப்டைடுக்கு முன்னால் வைக்காதீர்கள். செல் பெப்டைடை நறுக்கும்போது டேக்கும் சேர்ந்து போய்விடும். புரதத்தின் கடைசியில் வைப்பதே நிம்மதி. நறுக்கும் இடத்துக்கு அடுத்த அமினோ அமிலம் புரோலினாக இருந்தால் நறுக்கவே நறுக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், புரதம் உட்சவ்வைத் தாண்டும் பாதை. செக் பாதையில் புரதம் மடியாமல் நூல்போலத்தான் நுழையும். பச்சையாக ஒளிரும் சாதாரண ஜிஎஃப்பி புரதத்தை அதில் அனுப்பினால் பெரிபிளாசத்தில் ஒளிராது. மடிந்தபடியே போக டோர்ஏ என்ற வேறு சிக்னல் பெப்டைடோடு டாட் என்ற இன்னொரு பாதை வேண்டும். ஆனால் டைசல்பைடு பிணைப்பு (கந்தகப் பாலம்) தேவைப்படும் புரதத்துக்கு செக்தான், ஏனென்றால் அந்தப் பிணைப்பு உருவாகும் இடமே பெரிபிளாசம்.

எல்லாரும் செய்யும் தவறு, 37 டிகிரியில் புரத உற்பத்தியை முடுக்கிவிடும் ஐபிடிஜியை 1 மில்லிமோலார் கொட்டுவது. உட்சவ்வில் வாசல்கள் கொஞ்சம்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி மாதிரி ஆகிவிடும். 0.1 அல்லது அதற்கும் கீழே, 20 டிகிரி சுற்றுவட்டத்தில் வைத்துப் பாருங்கள். நெரிசலுக்கு அடையாளம், புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லிலேயே தெரியும்: ஒரு பட்டைக்கு மேலே, சுமார் 2 கிலோடால்டன் கூடுதலாக, இன்னொன்று. அதுதான் பெப்டைடு நறுக்கப்படாத புரதம். இதைப் பார்த்துப் புரதம் சிதைகிறது என்று புரோட்டியேஸ் (புரதத்தைச் சிதைக்கும் நொதி) தடுப்பானை வாங்கி ஊற்றியவர்களை எனக்குத் தெரியும் (ஒருவன் நானே).

சரி, புரதம் வந்துவிட்டது. சர்க்கரைக் கரைசல், இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடுங்கிக்கொள்ளும் வேதிப்பொருள்), குளிர்ந்த மெக்னீசியம் சல்பேட் நீர் என்று பக்குவமாக எடுத்து நேராக, ஹிஸ் டேக்கைப் பிடித்துக்கொள்ளும் நிக்கல் ரெசின் குழாயில் ஊற்றினேன். நீல ரெசின் என் கண்முன்னே வெளுத்தது. பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி, இடிடிஏவை டயலிசிஸ் பண்ணி எடுத்தியா இல்லையா?”