மேப் போடும் வேலைக்குப் போக ஆசையா? உங்கள் ஊர்க் கண்மாயில் தொடங்குங்கள்

"மேப் வரையுற வேலைக்குப் போகணும், என்ன படிக்கணும்?" என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, இதுவரை ஒரு மேப்பாவது வரைந்திருக்கிறீர்களா என்றுதான். படிப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அதற்கும் வருகிறேன். ஆனால் நேர்காணலில் சான்றிதழைப் பார்த்து முடித்ததும் "செய்ததைக் காட்டுங்க" என்பார்கள், அப்போது காட்டுவதற்குச் சொந்தமாக ஒன்று இருக்க வேண்டும்.

கணினியில் மேப் வரைய உதவும் க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். அதை இறக்கிக்கொண்டு உங்கள் ஊர்க் கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள், வடக்கே என்றால் ஏரி. சாட்டிலைட் படத்தில் கரை பளிச்சென்று தெரியும், மடை தெரியாது. அதனால் கரைமேல் நடந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு மடையிலும், மிகுதி நீர் வழியும் கலுங்கிலும் நின்று போன் ஜிபிஎஸ்ஸில் புள்ளி வையுங்கள். திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டும், புளியமரத்தடியில் இன்னும் மோசம், எனவே கொஞ்ச நேரம் நின்று எடுங்கள். எந்த மடைக்கு என்ன பெயர், வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சியைக் கேட்டால்தான் தெரியும். அப்புறம் மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா போட்ட 1:50,000 டோப்போஷீட்டை, அதாவது நிலவமைப்பு மேப்பை, அடியில் வைத்துப் பாருங்கள். அதில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ., உங்கள் மடை எதுவும் அதில் இருக்காது. எந்த அளவில் எதை விடுவது என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடும். என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி அதுதான்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். பரப்பளவை அட்சக்கோடு, தீர்க்கக்கோட்டுப் பாகைக் கணக்கிலேயே போட்டுவிட்டு எண் ஏன் அபத்தமாக வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது ஒன்று. மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றிவிட்டு அளந்து பாருங்கள். அது உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கிறது. தமிழ்நாட்டை 78 பாகை தீர்க்கக்கோடு வெட்டிக்கொண்டு போகிறது, மேற்கே மண்டலம் 43, கிழக்கே 44. பழநி 43, நத்தம் 44, இரண்டும் ஒரே திண்டுக்கல் மாவட்டம்தான், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று தமிழ்ப் பெயர்கள். மேப் தகவலைச் சேமிக்கும் பழைய கோப்பு வடிவமான ஷேப்ஃபைலில் அட்டவணையின் ஒரு நெடுவரிசைத் தலைப்புக்குப் பத்து பைட் இடம்தான், தமிழில் ஒரு குறியே மூன்று பைட் எடுக்கும். ஆகவே தொடக்கத்திலிருந்தே அந்தக் கட்டுப்பாடு இல்லாத ஜியோபேக்கேஜ் வடிவில் சேமியுங்கள்.

சரி, படிப்பு. பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில், மேப், சாட்டிலைட் தகவல்களைக் கையாளக் கற்றுத்தரும் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பி.இ. இருக்கிறது. அந்தக் கல்லூரியே 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான். 1802இல் ஆங்கிலேய அதிகாரி லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கிய பெரும் அளவைக்கு அடிப்படைக் கோடு அளந்ததும் பக்கத்தில் பரங்கிமலையில்தான். பொறியியல் கிடைக்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, புவியியலில் பட்டம் வாங்கிக்கொண்டு ஜிஐஎஸ், அதாவது கணினியில் மேப் தகவலைக் கையாளும் தொழில்நுட்பத்தின் பக்கம் வந்தவர்கள் ஏராளம். பத்தாவது முடித்தவர்களுக்கு ஐடிஐயில் சர்வேயர், சிவில் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவுகள் உண்டு. டிஎன்பிஎஸ்சி நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு ஆள் எடுக்கும்போது அது கைகொடுக்கும். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனமான ஐஐஆர்எஸ் இணையவழியில் இலவசமாகக் குறுகிய வகுப்புகள் நடத்துகிறது, தவறவிடாதீர்கள். மத்திய அரசு வேலைதான் வேண்டும் என்றால் சர்வே ஆஃப் இந்தியா, கொல்கத்தாவில் உள்ள தேசிய மேப் நிறுவனமான நாட்மோ இரண்டின் அறிவிப்புகளிலும் ஒரு கண் வையுங்கள்.

தனியாரிடம் தேடும்போது 'கார்ட்டோகிராபர்' என்று தட்டினால் அதிகம் வராது, 'ஜிஐஎஸ் அனலிஸ்ட்', 'ஜிஐஎஸ் எஞ்சினியர்' என்று தேடுங்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியதிலிருந்து இந்திய நிறுவனங்கள் மேப் தயாரிக்க முன்போல் அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. பைதான் நிரல்மொழி, மேப் தகவலைத் தரவுத்தளத்தில் வைக்க உதவும் போஸ்ட்ஜிஐஎஸ் தெரிந்தால் நல்லது, ஆனால் முதல் மாதமே அதில் இறங்க வேண்டாம்.

முதலில் அந்தக் கண்மாய் மேப்பை ஏ3 தாளில் பிரின்ட் எடுத்து, திரும்பக் கரைக்குப் போய் நீர்ப்பாய்ச்சியிடம் கொடுங்கள். அவர் விரலை வைத்து "இந்த மடை இன்னும் கொஞ்சம் தெற்கே தம்பி" என்றால், அங்கேயே பேனாவால் குறித்துக்கொண்டு வந்து திருத்துங்கள்.