பழைய ராணுவப் பதக்கம், சின்னம், தொப்பி, சீருடை: அடையாளம் கண்டு சேர்க்கும் முறை

பழைய ராணுவப் பொருள்களைச் சேர்க்கத் தொடங்குபவர் முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்வது நல்லது. எல்லா நாட்டுப் படைகளையும் ஒருவர் கற்றுத் தேற முடியாது. அப்படி முயல்பவரின் அலமாரி நிறைந்துவிடும், ஆனால் அதில் உள்ள எதைப் பற்றியும் உறுதியாக ஒரு வார்த்தை சொல்ல அவரால் இயலாது. தமிழ்நாட்டிலிருந்து தொடங்குபவருக்கு இயல்பாக எட்டக்கூடியது பழைய சென்னை மாகாணப் படைகளும் அவை அடங்கிய பிரிட்டிஷ் இந்திய ராணுவமும்தான். ஆகவே ஏறத்தாழ 1900 முதல் 1950 வரையிலான அந்தப் படையின் பொருள்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வாங்கும் இடத்தில் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு ஒன்றே: பொருளை முழுவதும் பார்த்து முடித்த பிறகே அதனோடு வரும் கதையைக் கேட்க வேண்டும். "தாத்தா பர்மாவில் போட்டிருந்தது" என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கதையை முதலில் கேட்டுவிட்டால், கண் அந்தக் கதைக்குச் சாதகமானதை மட்டுமே பொறுக்கி எடுக்கும். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு சிறு காந்தம், விட்டத்தை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குவரையாவது அளந்து காட்டும் வெர்னியர் என்னும் அளவி, ஒரு புறஊதா டார்ச், இவ்வளவு கையில் இருந்தால் போதும்.

கிரீடமும் யானையும்

பித்தளைச் சின்னத்திலும் பொத்தானிலும் கண் முதலில் போக வேண்டிய இடம் கிரீடம். 1901க்குப் பிறகு வந்த மன்னர்களின் காலத்தில், வளைவுகள் மேல்நோக்கிக் குவிமாடமாக எழும் கிரீடம் வழங்கியது. எலிசபெத் அரசியார் காலத்தில், அதாவது 1953 அளவில், நடுவில் அமுங்கிய வளைவுகளுடைய கிரீடம் வந்தது. விக்டோரியா காலத்துச் சின்னங்களிலும் அமுங்கிய வளைவுகள் உண்டு என்பதால், வளைவை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வராமல் படைப்பிரிவின் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எப்படியானாலும், இரண்டாம் உலகப் போரில் இந்தியச் சிப்பாய் அணிந்தது என்று காட்டப்படும் சின்னத்தில் எலிசபெத் காலத்துக் கிரீடம் இருந்தால், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. 1950இல் இந்தியா குடியரசானதும் கிரீடம் நீங்கி அசோகச் சிங்கங்கள் இடம்பெற்றன.

அடுத்தது பெயர். 1903இல் இந்தியப் படைத் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படைப்பிரிவுகளை ஒரே வரிசையில் எண்ணிட்டபோது, எஞ்சியிருந்த சென்னைக் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. அதனால் 3ஆம் சென்னைப் படை 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 13ஆம் படை 73ஆம் கர்நாடிக் இன்ஃபன்ட்ரியாகவும், 23ஆம் படை 83ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரியாகவும் மாறின. 1922இல் மறுபடியும் எல்லாம் இணைத்து அடுக்கப்பட்டு, மெட்ராஸ் ரெஜிமெண்ட் சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது திரும்ப எழுப்பப்பட்டது. சாலை போடுதல் போன்ற வேலைகளையும் செய்த காலாட்படையான மெட்ராஸ் பயனியர்கள் 1933இல் கலைக்கப்பட்டார்கள். இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்திருப்பவருக்கு, மெட்ராஸ் பயனியர் தோள்பட்டை எழுத்து தைத்த "1943ஆம் ஆண்டுச் சட்டை" எப்படிப்பட்டது என்பதை விளக்கத் தேவையில்லை.

யானையைக் கண்டதும் சென்னைப் படை என்று எழுதிவைப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. 1803 செப்டம்பரில் மராத்தியரோடு நடந்த அசாயே போரின் நினைவாக வழங்கப்பட்ட யானை, சென்னைப் படைகளுக்கு மட்டுமல்லாமல் அங்கே சண்டையிட்ட ஸ்காட்லாந்துப் படைகளுக்கும் உரியது. ஹைலண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் தொப்பிச் சின்னத்தில் நட்சத்திரத்தின் அடியில் அந்த யானை நிற்கிறது. ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் சின்னத்தில் மேலே புலியும் கீழே யானையும் இருக்கும். புலி பிளாசிப் போரின் நினைவு, யானை மைசூர்ப் போரின் நினைவு. அது அயர்லாந்துப் படை என்று ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் அதன் ஒரு கிளை கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வளர்த்த ஐரோப்பியப் படையிலிருந்து வந்தது. என்னைக் கேட்டால், சென்னையைப் பற்றிய தொகுப்பில் அந்தச் சின்னத்துக்கும் ஓர் இடம் உண்டு.

அசலா நகலா என்பதைச் சின்னத்தின் முதுகுதான் சொல்லும். அசலான பித்தளைச் சின்னம் பெரும்பாலும் தகட்டை அச்சில் அழுத்தி எடுத்தது. ஆகவே முன்புறத்து மேடுகள் பின்புறத்தில் பள்ளங்களாகத் தெளிவாகத் தெரியும், யானையின் தும்பிக்கை மடிப்புகூடப் பின்னால் குழிவாகத் தென்படும். வார்த்தெடுத்த நகலின் முதுகு தட்டையாகவோ மணல் பரப்பியதுபோல் சொரசொரப்பாகவோ இருக்கும். ஊசிமுனை அளவுக் குமிழிக் குழிகளும், ஓரங்களில் அரம் போட்ட கீறல்களும் தெரியும். கொக்கி பற்றவைத்த இடத்தில் ஈயம் புதிதாகப் பளபளத்தால், அது பின்னாளில் பழுதுபார்த்ததாகவோ நேற்றுச் செய்ததாகவோ இருக்கலாம்.

பதக்கத்தின் விளிம்பு

என் கணிப்பில், புதிதாகத் தொடங்குபவர் பதக்கத்திலிருந்து தொடங்குவதே முறை. சீருடைக்கும் தொப்பிக்கும் உரியவர் யாரென்று பெரும்பாலும் தெரிய வராது. பதக்கமோ தன் உரிமையாளரின் பெயரைத் தன்மீதே வைத்திருக்கிறது. முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் 36 மில்லிமீட்டர் விட்டமுடைய வெள்ளி வட்டம். ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபுறம் ஆடையற்ற குதிரை வீரன். அதைப் படுக்கவைத்துப் பார்க்காமல், விளக்குக்குப் பக்கவாட்டில் பிடித்து விளிம்பை மெதுவாகச் சுழற்ற வேண்டும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் சிறு எழுத்துகள் பதிந்திருக்கும். எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இருக்கிறதா, எழுத்துக்குள் படிந்த அழுக்கும் வெளியே படிந்த கறுப்பும் ஒரே வயதுடையவையா, எழுத்துக்கு இருபுறமும் விளிம்பு வழுக்கி மெலிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பழைய பெயரை அரத்தால் நீக்கிவிட்டு வேறு பெயரைப் பதித்திருந்தால், அந்த இடத்தில் வெர்னியர் 36க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்த நகலும் உலோகம் ஆறும்போது சுருங்குவதால் சிறுத்தே இருக்கும்.

இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. தொழிலாளர் படைகளில் பணிபுரிந்த இந்தியர், சீனர் முதலானோருக்கு அது வழங்கப்பட்டது. வெள்ளி இல்லை என்பதால் போலி என்று எண்ணி வெண்கலத்தைத் தள்ளிவிடுபவர்கள், உண்மையில் அரிய ஒன்றைத் தள்ளிவிடுகிறார்கள். வெள்ளிப் பதக்கங்களுக்கு வேறு விதமான கதி நேர்ந்தது: 1980ஐ ஒட்டி வெள்ளி விலை திடீரென ஏறியபோது பிரிட்டனில் ஏராளமானவை உலோக மதிப்புக்காகவே உருக்கப்பட்டன. அதே போருக்காகப் போர்ப் பதக்கத்தோடு சேர்த்து வழங்கப்பட்ட வெண்கல வெற்றிப் பதக்கங்கள் தனித்து நின்று இன்று அடிக்கடி கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொகுதியாக வருவதைச் சோதிக்க எளிய விதிகள் சில உண்டு. வெற்றிப் பதக்கம் தனியாக யாருக்கும் வழங்கப்படவில்லை. நட்சத்திர வடிவப் பதக்கமான 1914–15 நட்சத்திரமும் அப்படியே; அதைப் பெற்றவர் போர்ப் பதக்கமும் வெற்றிப் பதக்கமும் பெற்றிருப்பார். 1914 நட்சத்திரம், 1914–15 நட்சத்திரம் இரண்டையும் ஒரே ஆள் பெற்றதில்லை. ஒரே சட்டகத்துக்குள் இவ்விரண்டும் அருகருகே தொங்கினால், யாரோ பிற்காலத்தில் அழகுக்காகக் கோத்திருக்கிறார்கள் என்று பொருள். நட்சத்திரத்துக்கு விளிம்பு கிடையாது. பெயர் அதன் பின்புறத்தில் இருக்கும். மூன்றிலும் எண்ணும் படைப்பிரிவும் ஒத்துவந்தால்தான் அது ஒருவருடைய தொகுதி. அக்காலத்தில் எண்கள் படைப்பிரிவுவாரியாக இடப்பட்டதால், ஒரே எண் இரண்டு படைப்பிரிவுகளில் இருந்திருக்கலாம். தமிழ்ப் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஆகவே எழுத்துக்கூட்டு ஒரு பதக்கத்துக்கும் இன்னொன்றுக்கும் மாறியிருப்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்படக் கூடாது.

63ஆம் பாளையங்கோட்டைப் படையின் பெயர் பதிந்த பதக்கம் கிடைத்தால் உடனே வரைபடத்தை விரிக்கலாம். அந்தப் படையும் 61ஆம் பயனியரும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கரையில் இறக்கப்பட்டு ஜெர்மானியரிடம் தோற்றுத் திரும்பியவை. உரியவர் போரில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பெயர் இருக்கக்கூடும். இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். உயிரோடு திரும்பிய சாதாரணச் சிப்பாயைத் தேடிக் கண்டுபிடிப்பதோ மிகக் கடினம், பல சமயம் விளிம்பு எழுத்தைத் தாண்டி எதுவும் கிடைக்காது.

இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்கள், பதக்கங்கள் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பதிக்காமலே கொடுக்கப்பட்டன. இந்தியப் படையினருக்கோ பெயர் பதித்துக் கொடுக்கப்பட்டன. ஆகவே பெயரில்லாத பர்மா நட்சத்திரம் அசலாகவே இருந்தாலும், அதைக் குறிப்பிட்ட ஒரு தமிழ் வீரரோடு இணைக்கும் கதையைத் தாள் சான்று இல்லாமல் ஏற்கக் கூடாது. பணிவிடுப்புச் சான்றிதழோ ஊதியப் புத்தகமோ சேர்ந்து வந்தால் பதக்கத்தைவிட அதையே பத்திரப்படுத்த வேண்டும்.

தொப்பியும் தலைக்கவசமும்

வெயில் தொப்பிகளில் இரண்டு வகை உண்டு: தக்கையால் ஆனது, நெட்டியால் ஆனது. தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செதுக்கும் அதே நீர்த்தாவர நெட்டிதான். நெட்டித் தொப்பியைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. விரலால் அழுத்தினால் அமுங்கும். முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படையினர் பரவலாக அணிந்த வோல்ஸ்லி தொப்பி தக்கையில் செய்து, காக்கித் துணியை ஆறு பட்டைகளாகத் தைத்துப் போர்த்தி, பின்பக்க விளிம்பை அகலமாக விட்டது. உள்ளே வியர்வைத் தோலைத் தூக்கிப் பார்க்க வேண்டும்: செய்தவர் பெயர், அளவு, சில சமயம் அணிந்தவரின் மையெழுத்து அங்கேதான் ஒளிந்திருக்கும். வெளித்துணி வெளிறியும் வியர்வைத் தோல் கறையே இல்லாமலும் இருந்தால் இரண்டும் ஒரே தொப்பிக்கு உரியவை அல்ல. நாடக அரங்குகளுக்காகவும் சுற்றுலாப் பயணிகளுக்காகவும் செய்த தொப்பிகள் இன்று ஏராளம்.

எஃகுக் கவசத்துக்குக் காந்தம் போதும். பிரிட்டனின் தட்டுவடிவத் தலைக்கவசம் மாங்கனீசு கலந்த ஹேட்ஃபீல்டு எஃகில் செய்யப்பட்டது. அந்த எஃகைக் காந்தம் இழுக்காது. ஆனால் 1916 முதல் விளிம்பில் மடித்துப் பொருத்தப்பட்ட சாதாரண எஃகுப் பட்டையை இழுக்கும். கவசம் முழுவதும் காந்தத்தை இறுகப் பற்றிக்கொண்டால் அது பிரிட்டிஷ் போர்க்களக் கவசம் என்ற பெயருக்கு உரியதல்ல. பிற நாடுகளில் வேறு எஃகில் செய்ததாகவோ பிற்கால நகலாகவோ இருக்கலாம். பின்விளிம்பில் மூன்று துளைகள் இருந்தால் அது தென்னாப்பிரிக்காவில் செய்தது.

துணியும் தையலும்

சீருடையில் ஏமாறுவது எளிது, ஏனென்றால் சட்டை அசலாகவும் அதன் மேலுள்ள சின்னம் மட்டும் ஒட்டாகவும் இருக்கலாம். சின்னத்தை மெல்ல நகர்த்தி அடியில் பார்த்தால், நெடுங்காலம் அங்கே இருந்த சின்னத்தின் அடியில் காக்கி வெளிறாமல் அதே வடிவில் தங்கியிருக்கும். கொக்கித் துளைகளின் ஓரம் தேய்ந்து உருண்டிருக்கும். புறஊதா ஒளியில் தையல் நூல் வெண்ணீலமாக ஒளிர்ந்தால், அதில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவிய வெண்மையூட்டி இருக்கிறது. பின்னாளில் சோப்புத்தூளில் துவைத்த பழந்துணியும் ஒளிரும் என்பதால், மடிப்பின் உட்புற நூலையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அரசு இருப்புக்கு அகன்ற அம்பு முத்திரை உண்டு. அதனோடு ஆங்கில ஐ எழுத்து சேர்ந்திருந்தால் இந்திய அரசுக்கு உரியது, அம்பைச் சுற்றி சி எழுத்து இருந்தால் கனடாவுடையது.

இந்திய தேசிய ராணுவத்தின் பொருள்கள் என்று வருபவற்றில் இரட்டிப்புக் கவனம் தேவை. மலாயாத் தமிழர் பலர் அதில் சேர்ந்ததால் நம் வீடுகளில் அவற்றுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வீரர்கள் பெரும்பாலும் கைப்பற்றப்பட்ட பிரிட்டிஷ் காக்கியையே அணிந்தார்கள். ஆகவே சாதாரணப் பழைய சட்டையில் ஒரு புதுச் சின்னத்தைத் தைத்துவிட்டால் "நேதாஜி படைச் சீருடை" தயாராகிவிடுகிறது. குடும்பப் புகைப்படமோ கடிதமோ இல்லாமல் இவற்றுக்கு விலை பேசாதீர்கள். பார்த்துப் பழக அசல்கள் வேண்டுமானால் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கும், பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) அருங்காட்சியகத்துக்கும் போய் வரலாம்.

வைத்திருப்பதும் சட்டமும்

பித்தளையையும் வெள்ளியையும் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம் வீடுகளின் வழக்கம். பதக்கத்தில் அது ஒவ்வொரு முறையும் எழுத்தைச் சிறிது தின்றுவிடும். மென்துணியால் தூசி தட்டினால் போதும், பச்சைக் களிம்பு மட்டும் பரவவிடாமல் நீக்க வேண்டும். பிவிசி உறைகளில் பதக்கத்தையோ நாடாவையோ வைக்கக் கூடாது. கம்பளிச் சட்டையில் அந்துப்பூச்சி தெரிந்தால், நெகிழி உறையில் இறுக்கி மூடி இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்து, வெளியே எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். நெட்டித் தொப்பியை ஆணியில் மாட்டாமல், உள்ளே அமிலமற்ற தாளை அடைத்து, மழைக்காலத்தில் சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும்.

நூறு ஆண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரக்கூடும். அப்படி வருபவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்ப் பொருள்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. வாள், துப்பாக்கி முனையில் செருகும் கத்தி ஆகியவற்றுக்கு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் தேவையா என்று வாங்குவதற்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டுமென்ற எண்ணத்தில் படைச் சீருடையை அணிவதும் குற்றமே. வெடிக்காத குண்டு என்று ஐயம் வந்தால் தொடவே வேண்டாம். விலகி நின்று காவல்துறைக்குச் சொல்லுங்கள்.