குளக்கட்டில் இரண்டு மணித்தியாலம்: பராமரித்துக் களைத்தவர்களுக்கு ஒரு காலை ஒழுங்குசெய்வது எப்படி

நோயாளரைப் பராமரித்துக் களைத்த தாதியருக்கும் வீட்டாருக்கும் இப்படியொரு காலைப்பொழுதை இலங்கையின் வடக்கே வன்னியில் ஒழுங்குசெய்பவர்கள் முதலில் விடும் பிழை, ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவது. யப்பானில் 1982இல் அரச வனத்துறை 'காட்டுக் குளியல்' என்று பெயர் வைத்து ஊக்குவித்த பழக்கம் உலகமெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் இங்கே உங்களோடு வரும் தாதியோ, குடும்பநல உத்தியோகத்தரோ 2009இல் இறுதிப் போரின்போது அதே மரங்களுக்கு நடுவால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவராக இருக்கலாம். பாலை, வீரை மரங்கள் அடர்ந்து முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாத இடம் அவருக்கு ஆறுதல் தராது. அந்தப் போர் முடிந்த இடமான நந்திக்கடல் கரையும் அப்படித்தான். கண்ணுக்கெட்டிய தூரம் திறந்திருக்கும், வந்த வழியாலேயே திரும்பக்கூடிய இடம் வேண்டும். குளக்கட்டு அதற்கென்றே போட்டதுபோல இருக்கும்.

இரணைமடு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களில் விடுமுறை நாட்களில் சனம் வந்து படம் எடுக்கும். ஊர்க் குளம் ஒன்று போதும். 300 மீற்றர் அளவுக்குச் சமமாக நடக்கக்கூடிய கட்டு, மருதமர நிழல், ஐந்து நிமிடத்தில் வாகனம் வரக்கூடிய பாதை, தொலைபேசி சிக்னல், பக்கத்தில் ஒரு வீட்டு மலசலகூடம். கடைசியாகச் சொன்னதை ஒழுங்குசெய்ய மறந்தால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வருவார்கள், வெயிலில் தலைசுற்றும்.

அதே நேரத்துக்கு இரண்டு தடவை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். ஆட்கள் தினமும் நடக்கும் தடத்தை விட்டு ஓரடியும் விலகக்கூடாது. கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை இல்லாததால் மட்டும் ஒரு காணி பாதுகாப்பானது என்றாகாது, மாரி மழை மண்ணைக் கரைத்தால் புதைந்தது மேலே வரும். யானை இலத்தி ஈரமாகக் கிடந்தால் அன்று வேறிடம் பாருங்கள். முதலை இல்லாத குளமென்று யார் சொன்னாலும் தண்ணீர் விளிம்பிலிருந்து 10 மீற்றர் தள்ளியே இருத்துங்கள். மருதின் உயரக் கிளைகளில் பெருந்தேனீக் கூடு தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். வாசனைத் தைலம் பூசி வரவேண்டாமென்று முதல்நாளே சொல்லுங்கள். கமக்காரர் அமைப்புக்கும், ஊர்க் குளங்களுக்குப் பொறுப்பான கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள், யானை நடமாட்டத்தையும் அவர்களிடமே கேட்கலாம்.

தை கடைசி முதல் சித்திரை வரை நல்ல காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை கட்டு வழுக்கும், எலிக்காய்ச்சலும் உண்டு; காலில் வெட்டுக்காயம் உள்ளவரை அந்த நாட்களில் சேற்றில் இறக்காதீர்கள். ஆனி, ஆடியில் சோளகக் காற்று காதை அடைக்கும்.

ஒரு குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர். நடத்துபவர் ஒருவர், உதவிக்கு ஒருவர். ஒரே வாட்டில் வேலை செய்யும் மேலதிகாரியையும் தாதியையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இரவு வேலை முடித்து நேரே வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்: அவருக்கு வேண்டியது நித்திரை, மோட்டார் சைக்கிளில் தூங்கி விழுந்துவிடுவார்.

வீட்டில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவரைப் பராமரிக்கும் மனைவியோ தாயோ வருவதாக இருந்தால் மாற்று ஆள்தான் எல்லாவற்றிலும் முக்கியம். படுக்கைப்புண் வராமலிருக்கப் பொதுவாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மாற்று ஆளுக்கு அது தெரியும், நேரமும் தெரியும் என்று இவருக்கு நம்பிக்கை வராவிட்டால் குளத்தைப் பார்க்கமாட்டார், மணிக்கூட்டைத்தான் பார்ப்பார். முதல்நாளே மாற்று ஆளை வீட்டுக்கு அனுப்பி, இவர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

கொண்டுபோக: ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், மேலதிகமாக ஐந்து லீற்றர், ஆளுக்கொரு சிறிய பாய், இரண்டு பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணி, அவித்த கச்சான் அல்லது பயறு, இரண்டு பக்கெற் ஜீவனி (உடல் நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), முதலுதவிப் பெட்டி.

விடியற்புறம் யானை தெருவில் நிற்கும், ஆகவே நன்றாக வெளித்த பிறகு 6.30க்குத் தொடங்குங்கள். முதல் கால் மணித்தியாலம் வந்து சேரவும் தொலைபேசிகளை உதவியாளரிடம் கொடுக்கவும் போகும். அழைப்பு வந்தால் அவசரமா என்று அவர் கேட்டுச் சொல்வார். 'எப்படி இருக்கிறீங்கள்?' என்று கேட்காதீர்கள், 'பரவாயில்லை' என்றுதான் பதில் வரும். அடுத்த 25 நிமிடம் பேசாமல், பத்தடி இடைவெளியில் மெதுவாக நடை.

பிறகு 30 நிமிடம் தனித்தனியே இருத்தல், ஒருவரையொருவர் பார்க்கக்கூடிய தூரத்தில். இதுதான் கஷ்டமான பகுதி. முதல் பத்து நிமிடமும் மனம் வேலைப் பட்டியல் போடும், சிலர் எழும்பிக் குப்பை பொறுக்கத் தொடங்குவார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று பார்ப்பார்கள். வேலை செய்து பழகிய கைகள் அப்படித்தான். மெதுவாக, 'இண்டைக்கு நீங்கள் ஒருத்தரையும் பார்க்கத் தேவையில்லை' என்று சொல்லித் திரும்ப இருத்துங்கள். பனையோலையில் பெட்டி இழைக்கக் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுக்காதீர்கள், யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆட்காட்டிக் குருவி கத்துவதையும் நீர்க்காகம் சிறகு காயவைப்பதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் வேலை.

கண்ணை மூடச் சொல்லவே கூடாது. கண்ணை மூடினால் பழைய சத்தங்கள் வரும் ஆட்கள் இங்கே நிறைய. ஒருவர் வியர்த்து, மூச்சு வாங்கி, வெறித்துப் பார்த்தால் பக்கவாட்டில் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தொடமுன் கேளுங்கள். இரண்டு பாதங்களையும் நிலத்தில் அழுத்தச் சொல்லி, கண்ணில் படும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். என்ன ஞாபகம் வந்தது என்று அங்கே தோண்டாதீர்கள்.

தேத்தண்ணிக்கு 30 நிமிடம். ஊற்றிக் கொடுப்பவர் உதவியாளர் மட்டுமே. குழுவில் மூத்த பெண் பிளாஸ்க்கைத் தூக்கத்தான் பார்ப்பார், விடாதீர்கள். பேச விரும்பினால் பேசலாம். திரும்பும் நடைக்கு 20 நிமிடம், 8.30க்கு முடியும்.

கிழமைக்கு ஒன்றாக ஆறு கிழமை செய்யுங்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவலை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், கிழமைக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் நல்ல சுகத்தோடு இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது. அது தொடர்பைக் காட்டும் ஆய்வு, மருந்தளவல்ல.

ஆளணியை நிரப்பாமல், இரட்டை வேலையைக் குறைக்காமல் ஊழியரைக் குளத்துக்கு அனுப்பும் நிர்வாகம் பேருந்துக் காசை வீணாக்குகிறது. உலக சுகாதார நிறுவனமே இந்த வேலைக் களைப்பைத் (burnout) தனிமனிதரின் நோயாக அல்ல, வேலையிடத்தில் சரிவரக் கையாளப்படாத நெருக்கடியின் விளைவாகத்தான் வகைப்படுத்துகிறது. இரண்டு கிழமையாக நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் அடுத்த கிழமை வரை காத்திருக்காமல் அன்றே மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூடப் போங்கள்; 1926 என்ற தேசிய உளநல இலக்கம் 24 மணித்தியாலமும் உண்டு.

இடைப்பட்ட நாட்களுக்கு, வாட்டுக்கு வெளியே நிற்கும் வேம்பின் கீழ் பத்து நிமிடம் போதும். நேரத்தை முதலே குறித்து, அந்தப் பத்து நிமிடமும் மணி அடித்தால் எழும்பிப் போகப்போவது யார் என்று சக ஊழியர் ஒருவரோடு பேசி வையுங்கள்.