ஒரே நாளில் நான்கு கடற்கரைகள்: ஓத அட்டவணையை வைத்துத் தீவுப் பயணம் திட்டமிடுவது எப்படி?

வெப்பமண்டலக் கடலில் படகேறி, ஆள் நடமாட்டமில்லாத கடற்கரைகளை ஒரே நாளில் சுற்றிவரத் திட்டமிடுகிறவர்கள் எந்தத் தீவு அழகானது என்ற தேடலில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். நான் கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையில் தொடங்கச் சொல்வேன். பல கடற்கரைகளில் கூட்டம் சேராததற்குக் காரணம் அவற்றின் முன்னே கிடக்கும் பவளத்திட்டும் மணல்மேடும்தான். பெரிய படகுகளால் அவற்றைத் தாண்ட முடியாது. சிறிய படகும் நீர் ஏறியிருக்கும் சில மணி நேரத்துக்குள்தான் தாண்டும். படகை ஓட்டப்போகிறவர் அந்தக் கடலை அறிந்த படகோட்டி என்று வைத்துக்கொள்கிறேன். அவரோடு உட்கார்ந்து திட்டம் போடுவதற்கு நீங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

படி 1: இடங்களைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று அல்லது நான்கு இடங்கள் போதும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போகும் வேகம் ஒரு நாட். 6 நாட் வேகத்தில் போகும் படகு 12 கடல் மைல் சுற்றிவர இரண்டு மணி நேரம் ஆகும். மொத்தப் பயண நேரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் ஓர் இடத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் இறங்க அனுமதி உண்டா என்பதை அப்போதைய நிலவரப்படி விசாரியுங்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018இல் மூடப்பட்டு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டபோது, படகுகள் விரிகுடாவுக்குள் நுழைவது நிறுத்தப்பட்டு, தீவின் பின்பக்கத்தில் இறங்கி நடந்துவரும் ஏற்பாடு வந்தது. பழைய படத்தைப் பார்த்துப் போட்ட திட்டம் இத்தகைய இடங்களில் பயன்படாது. ஆமைகள் முட்டையிடும் கரைகளுக்கும் பருவத் தடைகள் இருக்கக்கூடும்.

படி 2: ஓத அட்டவணையைப் படித்தல்

பலர் தடுமாறுவது இங்கேதான். என்னையும் நெடுநேரம் உட்காரவைத்த படி இது. அட்டவணை தருவது உயர் ஓதமும் தாழ் ஓதமும் வரும் நேரங்களையும் அப்போதைய நீர்மட்டத்தையும் மட்டுமே. நமக்கு வேண்டியதோ இடைப்பட்ட நேரத்தின் மட்டம்.

முதலில் அட்டவணையில் உள்ள உயரம் எதிலிருந்து அளக்கப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அது கடலடித் தரையிலிருந்து அளந்த ஆழம் அன்று. கடல் வரைபடத்தின் அடிப்படை மட்டத்துக்கு, அதாவது நீர் பொதுவாக அதற்குக் கீழே வற்றாத மட்டத்துக்கு, மேலே நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே அந்த எண். வரைபடத்தில் ஓர் இடத்தின் ஆழம் 2 மீட்டர் என்றிருந்து, அட்டவணை 1.5 மீட்டர் என்றால், அங்கே அப்போது 3.5 மீட்டர் நீர் இருக்கும். வரைபடத்தில் அடிக்கோடிட்ட எண் இருந்தால், அந்த இடம் அடிப்படை மட்டத்துக்கு மேலே அவ்வளவு உயரம் தலைநீட்டி நிற்கிறது என்று பொருள். அங்கே கூட்டாமல் கழிக்க வேண்டும்.

அடுத்து, பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற கணக்கு. தாழ் ஓதத்திலிருந்து உயர் ஓதத்துக்கு ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம் ஆகும் கடல்களில், அந்த நேரத்தை ஆறு சம கூறுகளாகவும் மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு சம பங்குகளாகவும் பிரித்தால், நீர் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்குகளாக ஏறுகிறது. அதாவது நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி ஏற்றம் முடிந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. காலை 9:00 மணிக்குத் தாழ் ஓதம் 0.3 மீட்டர், பிற்பகல் 3:12க்கு உயர் ஓதம் 2.7 மீட்டர் என்று கொள்வோம். வேறுபாடு 2.4 மீட்டர், ஆகவே ஒரு பங்கு 20 சென்டிமீட்டர். மட்டம் 10:02க்கு 0.5 மீட்டர், 11:04க்கு 0.9 மீட்டர், 12:06க்கு 1.5 மீட்டர். நாம் தாண்ட வேண்டிய மணல்மேடு அடிப்படை மட்டத்துக்கு 0.5 மீட்டர் மேலே இருக்கிறது. படகை உந்தும் விசிறி நீருக்குள் 0.6 மீட்டர் இறங்குகிறது, அலையாட்டத்துக்கு 0.4 மீட்டர் கூடுதலாக வைக்கிறோம். மூன்றையும் கூட்டினால் 1.5 மீட்டர். ஆகவே 12:06க்கு முன்பு அந்தக் கடற்கரைக்குள் போகக் கூடாது. அன்றைய பட்டியலில் அது மூன்றாவது இடமாகவே இருக்க முடியும். ஆழமான நீர் கரைவரை வரும் இடங்களை முற்பகலில் முடித்துக்கொள்ள வேண்டும்.

உயர் ஓதம் காலையில் வரும் நாளில் வரிசை தலைகீழாகும். அன்று ஆழம் குறைந்த இடத்துக்கு முதலில் போய், நீர் வற்றுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே சிக்கினால் அடுத்த ஏற்றம் வரை பல மணி நேரம் காத்திருக்க நேரும், அதற்குள் இருட்டிவிடும். ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், திங்கட்கிழமைக்குப் போட்ட திட்டத்தை வியாழக்கிழமைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். குறுகிய கால்வாய்களில் நீரோட்டமும் வலுக்கும்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் போடுவதையே நான் விரும்புகிறேன். செயலிகள் வரையும் வளைகோடு அழகாக இருந்தாலும், படகோட்டியிடம் காட்டி அவர் கருத்தைக் கேட்பதற்குத் தாளே வசதி. அவர் வேறு நேரம் சொன்னால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: காற்றும் வெயிலும்

காற்று 11 முதல் 16 நாட் வரை வீசும்போது அலைமுகடுகள் பரவலாக வெளுத்து நுரைக்கத் தொடங்கும். திறந்த சிறு படகில் முதல்முறை போகிறவர்களுக்கு முன்னறிவிப்பு அந்த அளவைத் தொட்டாலே பயணத்தை மாற்றிவைக்கச் சொல்வேன். நிலம் சூடேறிய பின் கடற்காற்று வலுப்பதால், காற்று மறைவுப் பக்கத்தில் உள்ள கடற்கரைகளைப் பிற்பகலுக்கு ஒதுக்குங்கள். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் போகும் கால்வாயில் அலைகள் செங்குத்தாக எழும். அதே கால்வாய் ஓதம் திரும்பியதும் அடங்கிவிடுவதும் உண்டு.

வெயிலுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. சூரியன் தலைக்கு மேலோ முதுகுக்குப் பின்னோ இருக்கும்போதுதான் நீரின் நிறம் ஆழத்தைக் காட்டும்: கருநீலம் ஆழம், வெளிர்பச்சை ஆழமில்லாத மணல், பழுப்பு பெரும்பாலும் பாறை அல்லது பவளம். தாழ்ந்த சூரியனை எதிர்நோக்கிப் போனால் நீர்ப்பரப்பு பளபளப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. எனவே திட்டுகள் நிறைந்த பகுதியைப் பிற்பகல் 3 மணியளவில் தாண்டிவிடும்படி திரும்பும் நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எடுத்துச்செல்பவை

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். உடலுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் ஒவ்வொருவருக்கும். காற்றடைத்து உப்பும் வகையைவிட நுரைப்பஞ்சு வைத்ததையே நான் தேர்ந்தெடுப்பேன், அதற்குப் பராமரிப்பு குறைவு, தண்ணீரில் விழுந்த நொடியிலேயே மிதக்கும். நீர்புகாப் பையின் வாயை மூன்று சுற்றுக்குக் குறையாமல் சுருட்டுங்கள். படகில் கடல்சார் வானொலி இருந்தால் அவசர அழைப்புக்கு 16ஆம் அலைவரிசை. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் உள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

வெயிற்காப்புப் பசையைவிட முழுக்கைச் சட்டை மேலானது என்பது என் உறுதியான கருத்து. ஆக்ஸிபென்சோன் உள்ளிட்ட சில பொருட்கள் பவளத்துக்குக் கேடு செய்யும் என்பதால் 2020இல் பலாவு நாடும் 2021இல் ஹவாயும் அவை கலந்த பசைகளின் விற்பனையைத் தடை செய்தன.

படி 5: இறங்குதல்

நங்கூரத்தை மணலில் மட்டும் போடச் சொல்லுங்கள். பவளத்தின் மேல் இழுபடும் சங்கிலி பல ஆண்டு வளர்ச்சியைச் சில நொடிகளில் நொறுக்கிவிடும். படகைக் கட்டுவதற்கென்று மிதக்கவிட்ட கட்டுமிதவை இருந்தால் அதுவே நல்லது. விசிறி நின்ற பிறகே இறங்க வேண்டும்; அலை படகைத் தள்ளும் பக்கத்தில், படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்கக் கூடாது. மணலில் புதைந்திருக்கும் திருக்கைகள் விலகிப்போகும்படி பாதங்களை எடுத்து வைக்காமல் தேய்த்து நடங்கள். திருக்கை முள் குத்தினால் தோல் பொறுக்கும் அளவு சுடுநீரில் காயத்தை மூழ்கவைத்தால் வலி தணியும். அதன் பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பின்சேர்க்கை

இதைப் பின்பற்றியவர்கள் இரண்டு சிக்கல்களைச் சுட்டிக்காட்டினார்கள். ஒன்று, சில அட்டவணைகள் உள்ளூர் நேரத்தில் இல்லாமல் உலகப் பொது நேரத்தில் இருக்கின்றன. அட்டவணையின் தலைப்பில் அது குறிக்கப்பட்டிருக்கும். அட்டவணை எந்தத் துறைமுகத்துக்கு உரியது என்பதையும் அங்கேயே பாருங்கள், தொலைவிலுள்ள தீவில் நேரம் மாறுபடும். மற்றொன்று, தாய்லாந்து வளைகுடாவின் சில பகுதிகளைப் போல நாளுக்கு ஒரே ஓர் உயர் ஓதம் வரும் கடல்களில் பன்னிரண்டு பங்குக் கணக்கு பொருந்தாது. அங்கே மணிவாரியாக மட்டம் தரும் அட்டவணையைத் தேடி எடுத்து, படகுக்கு வேண்டிய மட்டத்தை நேரடியாக அதில் பாருங்கள்.