லாரியும் ஸ்கூட்டரும் மோதினால் யார் இடி பெரியது?

"லாரி பலமாக இடித்துவிட்டது" என்போம். உண்மையில் ஸ்கூட்டரும் லாரியை அதே பலத்தோடுதான் திருப்பி இடிக்கிறது, துளிகூடக் குறையாது. நியூட்டன் 1687-ல் வெளியிட்ட மூன்றாம் விதி அது.

சரி, அப்படியென்றால் ஸ்கூட்டர் மட்டும் ஏன் நொறுங்குகிறது? எடைதான் காரணம். லாரி 10,000 கிலோ, ஆளோடு சேர்த்து ஸ்கூட்டர் 200 கிலோ என்று வையுங்கள். லாரியின் வேகம் மணிக்கு 1 கிலோமீட்டர் மாறும் மோதலில், ஸ்கூட்டரின் வேகம் 50 கிலோமீட்டர் மாறிவிடும். லாரி ஓட்டுபவருக்கு அது லேசான குலுக்கல்தான்.

தரையும் இப்படித்தான். தலை எவ்வளவு வேகமாக மோதுகிறதோ, அதற்கேற்ப அதுவும் திருப்பித் தாக்கும். நம்மால் முடிந்தது, தலை நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கொடுப்பது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்கி அந்தத் தூரத்தைத் தருகிறது. 2 மில்லிமீட்டரில் நிற்க வேண்டிய தலை 2 சென்டிமீட்டரில் நின்றால், சராசரி விசை பத்தில் ஒரு பங்குதான்!

நசுங்கிய தெர்மாகோல் பழையபடி உப்பாது. ஒருமுறை கீழே விழுந்த என் தம்பியின் ஹெல்மெட்டில் வெளியே சின்னக் கீறல்தான். உள்துணியை விலக்கினால் கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம். அதே இடத்தில் மறுபடி அடிபட்டால் நசுங்க மிச்சமில்லை. விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை, பார்க்க நன்றாக இருந்தாலும், தயவுசெய்து மாற்றிவிடுங்கள். அப்புறம், தாடை வாரை மாட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள்.